புதுப்பிப்பு: எண்கோண மேசைக் கடிகாரம், திருகுப் பிரச்சினை தீர்ந்தது

ஜெரால்ட் ஜென்டா வடிவமைத்து 1972-ல் வெளிவந்த ராயல் ஓக் கைக்கடிகாரத்தைப் பார்த்து, அதன் முகப்பைச் சுற்றியுள்ள எண்கோண வளையத்தை அலுமினியத்தில் பெரிதாக்கி ஒரு மேசைக் கடிகாரம் செய்கிறேன் என்று முன்பு எழுதியிருந்தேன் இல்லையா, அதைப் படித்தவர்களில் பாதிப் பேர் கேட்டது ஒரே கேள்விதான்: வளையத்திலுள்ள எட்டுத் திருகுகளின் தலைப் பிளவுகளும் வட்டத்தோடு ஒத்து நிற்க வேண்டுமே, எப்படி முறுக்குவாய்?

முறுக்கவே வேண்டாம். அசலிலும் அப்படித்தான். அறுகோணத் தலை அதே வடிவக் குழிக்குள் அசையாமல் உட்கார்ந்துகொள்ளும், இறுக்குவதெல்லாம் பின்பக்கம். நானும் அதே வழியில், வட்டமாகத் துளையிட்டு, மெல்லிய முக்கோண அரத்தால் ஆறு மூலைகளையும் பொறுமையாக எடுத்து, பின்னால் நட்டு போட்டுவிட்டேன். இப்போது பிளவுகள் அச்சுப் பிசகாமல் நிற்கின்றன!

மெருகு வேலைதான் உண்மையில் உயிரை வாங்கியது. மேல்பரப்பில் 400 எண் உப்புத்தாளை ஒரே திசையில் மட்டும் இழுத்தேன். அப்புறம் அங்கே டேப் ஒட்டி மறைத்துவிட்டு, சரிவான விளிம்பை மட்டும் கண்ணாடி போல் பளபளப்பாக்கினேன். வெளிச்சம் பட்டால் விளிம்பு தனிக்கோடாக மின்னுகிறது, அந்த வடிவமைப்பின் அழகே அதுதான் என்பேன்.

உள்ளே சாதாரண குவார்ட்ஸ் இயந்திரம். முகப்பில் பிராண்டு பெயர் போடச் சொன்னவர்களுக்கு: மாட்டேன், இது போலி இல்லை. அசலில் இருப்பதுபோல் சிறு சதுரக் கட்டங்கள் பொறித்த முகப்பு இன்னும் பாக்கி, முள்களும் கொஞ்சம் குட்டையாகத் தெரிகின்றன, மாற்ற வேண்டும்.