புதுப்பிப்பு: பஞ்சுத்தூசி படிஞ்ச ஸ்பீக்கர் சுத்தம் பண்ணியாச்சுங்க

சோமனூர்ல வீட்டை ஒட்டியே தறி ஓடுது, அப்பாவோட பழைய ஸ்பீக்கர் ரெண்டுலயும் பஞ்சு அப்பிக் கெடக்குது, எப்படி எடுக்கறதுன்னு கேட்டிருந்தனுங்க. பதில் சொன்ன எல்லாத்துக்கும் ரொம்ப நன்றிங்க.

மொதல்ல ஆம்ப்ளிஃபயரை ஆஃப் பண்ணி பிளக்கையே உருவியாச்சு. முன்னாடி இருக்கற துணி கிரில்லை நாலு மூலையும் மெதுவா நெம்பிக் கழட்டி, டேப்பை ஒட்டி ஒட்டி எடுத்தா பஞ்சு அப்படியே பாய் மாதிரி உரிஞ்சு வருதுங்க, பாக்கவே அவ்ளோ திருப்தி! வூஃபர்ங்கறது கனமான சத்தம் குடுக்கற பெரிய ஸ்பீக்கருங்க, அதோட புனல் மாதிரி இருக்கற கோன் பேப்பர்ல செஞ்சது, அதுல தண்ணி படவே கூடாது, புது பெயிண்ட் பிரஷ், முடி மெத்துனு இருக்கறதா வாங்கி, நடுவுல இருந்து வெளியாப்புல லேசா தள்ளுனேன். கீச்சு சத்தம் குடுக்கற சின்ன ஸ்பீக்கர், அதான் ட்வீட்டர், அது மேல கையே வைக்கல. வேக்குவம் கிளீனர் போடுங்கன்னு ஒருத்தர் சொன்னாரு, தயவுசெஞ்சு யாரும் போடாதீங்க, அந்த இழுப்புக்கு, கோனோட நடுவுல இருக்கற குமிழ் மடங்கிரலாம். மரப்பெட்டிக்கு ஈரத்துணிய நல்லா புழிஞ்சு தொடச்சா போதும், தின்னர் வேண்டாம்.

சத்தம் பெருசா மாறலைங்க, ஆனா உள்ள பாத்தப்பத்தான் தெரிஞ்சுது, ஒரு வூஃபர்ல கோனைச் சுத்தியிருக்கற ஃபோம் வளையம் தொட்டா உதிருது. ஃபோம் வயசானா அப்படித்தான் ஆகும், கோன் நல்லா இருந்தா வளையத்த மட்டும் மாத்திக்கலாம். அதுவரைக்கும் வால்யூம் கம்மியாத்தான் வெக்கோணும். கோயமுத்தூர், திருப்பூர் பக்கம் இந்த வேலை பண்றவங்க இருந்தா சொல்லுங்க.