தட்டுவடை செட் கடைக்காரரின் ஞாபகசக்தி காசு கொடுத்தால் கிடைக்குமா?

கொலுசுக்காரர், செவ்வாய்ப்பேட்டை

வணக்கம். சேலம் செவ்வாய்ப்பேட்டையில் சின்னதாக ஒரு கொலுசுப் பட்டறை நடத்துகிறேன். மகள் பிளஸ் டூ, உயிரியல் பிரிவு. ராத்திரி வெகுநேரம் புத்தகமும் கையுமாக இருக்கிறாள். காலையில் கேட்டால் பாதிக்கு மேல் காணோம். இதைக் கேள்விப்பட்டு ஒரு நினைவாற்றல் பயிற்சி வகுப்புக்காரர்கள் வீடு தேடி வந்து பேசினார்கள். மனிதன் மூளையில் பத்து சதவீதத்தைத்தான் பயன்படுத்துகிறானாம். மீதியை அவர்கள் தட்டி எழுப்பிவிடுவார்களாம். கட்டணத்தைக் கேட்டதும் எனக்கு ஓடிக்கொண்டிருந்த பத்து சதவீதமும் நின்றுவிட்டது.

ஒரேயடியாகத் தள்ளிவிடவும் மனம் வரவில்லை. காரணம், குகைப் பக்கம் நான் வழக்கமாகப் போகும் தட்டுவடை செட் கடை. இரண்டு தட்டுவடைக்கு நடுவே சட்னியும் துருவிய காயும் வைத்துத் தருவார்களே, அதுதான். சாயங்காலமானால் அந்தத் தள்ளுவண்டியைச் சுற்றி ஒரு கூட்டமே நிற்கும். ஒருவர் பூண்டு செட் இரண்டு என்பார். இன்னொருவர் நொறுக்கல், காரம் குறைவாக என்பார். ஓர் அம்மா குழந்தைக்கு வெங்காயம் போடாமல் ஒன்று கேட்பார். கடைக்காரர் தலையைக்கூட நிமிர்த்துவதில்லை, துண்டுச்சீட்டும் கிடையாது. ஆனால் கேட்டது கேட்டபடி, கேட்டவர் கைக்கே போய்ச் சேர்கிறது. நானோ வீட்டில் சொல்லியனுப்பும் நாலு சாமானில் ஒன்றை லீ பஜாரில் வாங்காமலே திரும்புகிற ஆள்.

அவருக்கு இருப்பது பிறவி வரமா, பழக்கமா? பழக்கம் என்றால் அதைக் காசு கொடுத்து மகளுக்கு வாங்கித் தர முடியுமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சூரமங்கலத்தான்

அண்ணா, வல்லாரைக் கீரை கட்டு கட்டாகக் கிடைக்கும்போது வகுப்பு எதற்கு? சரி, விளையாட்டு போகட்டும். பயிற்சியால் முடியும் என்பதற்கு நம்மிடமே சான்று இருக்கிறது. இடலாக்குடி செய்குத்தம்பிப் பாவலர் 1907-ல் சென்னை விக்டோரியா அரங்கில் சதாவதானம், அதாவது ஒரே நேரத்தில் நூறு விஷயங்களில் கவனம் வைக்கும் வித்தை, செய்து காட்டியவர். முதுகில் விழும் கற்களை எண்ணிக்கொண்டே, கொடுத்த ஈற்றடிக்கு வெண்பாவும் பாடுகிற கலை அது. அதில் பத்தில் ஒரு பங்கு மகளுக்கு வந்தால் போதாதா? சேர்த்துவிடுங்கள்.

ஏற்காட்டு மிஸ் (ஓய்வுபெற்ற உளவியல் விரிவுரையாளர்)

முதலில் அந்தப் பத்து சதவீதக் கதையைக் குப்பையில் போடுங்கள். மூளையில் சும்மா கிடக்கும் தொண்ணூறு சதவீதம் என்று ஒன்று கிடையாது. இருந்தால், பக்கவாதம் வந்தவர்களில் பெரும்பாலோர் ஒன்றுமே நடக்காததுபோல எழுந்து நடந்திருப்பார்கள். இந்த வரியோடு பேச்சைத் தொடங்குகிறவரிடம் நான் காப்பி டம்ளர்கூட வாங்க மாட்டேன்.

பழக்கம்தான், சந்தேகமே வேண்டாம். ஆனால் பழக்கம் எதில் ஒட்டுகிறது என்பதைப் பாருங்கள். அமெரிக்காவின் கார்னெகி மெல்லன் பல்கலைக்கழகத்தில் எஸ்.எஃப். என்று மட்டும் குறிப்பிடப்படும் ஒரு மாணவரை வைத்துச் செய்த ஆய்வை எரிக்சன், சேஸ், ஃபலூன் மூவரும் 1980-ல் வெளியிட்டார்கள். ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டும் எண்களை வரிசை மாறாமல் திருப்பிச் சொல்ல வேண்டும். தொடக்கத்தில் அவருக்கு 7 எண்கள்தான் நின்றன, நம் எல்லோரையும்போல. சுமார் 230 மணி நேரப் பயிற்சிக்குப் பிறகு 79 எண்கள். எப்படி? அவர் நெடுந்தூர ஓட்டக்காரர். 3492 என்று கேட்டால், 3 நிமிடம் 49.2 விநாடி, ஒரு மைல் உலக சாதனைக்குப் பக்கம் என்று எடுத்துக்கொள்வார். நான்கு எண்கள் ஒரே பொருளாகிவிட்டன. ஓட்ட நேரத்தில் அடங்காதவற்றை வயதாகவும் தேதியாகவும் மாற்றிக்கொண்டார்.

வகுப்புக்காரர்கள் சொல்லாமல் விடும் பகுதி இனிமேல்தான் வருகிறது. அதே மனிதருக்கு எண்களுக்குப் பதில் எழுத்துகளைக் கொடுத்தார்கள். ஆறோடு நின்றுவிட்டார். அத்தனை மணி நேர உழைப்பில் வளர்ந்தது எண்களைப் பிடித்துவைக்கும் ஒரு வித்தை. பொதுவான ஞாபகசக்தி என்று எதுவும் கூடவில்லை.

சூரமங்கலத்தாருக்கு: பாவலரைப் பற்றி நீங்கள் சொன்னதை மறுக்கவில்லை, எனக்கும் அவர்மேல் பெரிய மதிப்பு. ஆனால் அவர் கைவசம் யாப்பு இருந்தது. வெண்பாவில் தளை தட்டாமல் அடுத்து வரக்கூடிய சீர் எது எதுவென்று இளம் வயதிலிருந்தே ஊறிப்போனவருக்கு, ஈற்றடியைக் கொடுத்த உடனே பாதிப் பாட்டின் எலும்புக்கூடு எழுந்து நின்றுவிடும். யாப்பே தெரியாத ஒரு பிள்ளையை அவதான வகுப்பில் உட்காரவைத்து என்ன பயன்?

குகை மருமகன்

அந்தக் கடை எங்கள் மாமா கடையாகவே இருக்கலாம். கல்லூரியில் படித்தபோது அங்கே பீட்ரூட்டும் கேரட்டும் துருவிய கை இது.

மாமா எதையும் ஞாபகம் வைத்துக்கொள்வதில்லை என்பதே உண்மை. ஆர்டர் காதில் விழுந்ததும் தட்டு இறங்கிவிடும். பூண்டு செட் என்றால் அடித் தட்டுவடையில் அப்போதே சிவப்புச் சட்னியைத் தடவிவிடுவார். காரம் குறைவு என்றால் பச்சைச் சட்னி மட்டும். வெங்காயம் வேண்டாதவருக்கு மேல் தட்டுவடையைத் தட்டின் ஓரத்தில் சாய்த்து வைப்பார். நொறுக்கல் கேட்டவருக்குக் கிண்ணத்தில் ஒரு முறுக்கு விழும். ஆட்கள் எந்த வரிசையில் நிற்கிறார்களோ அதே வரிசையில் தட்டுகளும் இருக்கும். இடது ஓரத்தில் நின்றவர் போன் பேசிக்கொண்டே வலது பக்கம் வந்துவிட்டால் மாமா எரிந்து விழுவதற்குக் காரணம் இதுதான்.

ஒரு நாள் மழைச்சாரல் அடித்தபோது பக்கத்துக் கடைப் பையன் நல்ல எண்ணத்தில் தட்டுகளை எல்லாம் ஒரே மூலைக்குத் தள்ளிவிட்டான். மாமா முதல் ஆளிலிருந்து மறுபடி கேட்க வேண்டியதாயிற்று. சாப்பிட்டுக் காசும் கொடுத்துவிட்டவர் என்ன சாப்பிட்டார் என்று கேட்டுப் பாருங்கள், விழிப்பார். கேஸ் சிலிண்டர் பதிவு செய்ய அத்தைதான் ஞாபகப்படுத்த வேண்டும்.

ஏற்காட்டு மிஸ்

தம்பி, வகுப்பில் ஒரு பருவம் முழுக்க நான் பேசியதை ஒரு தள்ளுவண்டியில் காட்டிவிட்டீர்கள்.

மதுக்கூடத்தில் பரிமாறுகிறவர்களை வைத்து 1980-களில் இதேபோல ஓர் ஆய்வு நடந்தது. கேட்கும் பானத்துக்கு ஏற்ற கோப்பையை உடனே எடுத்து வரிசையாக வைப்பார்கள்; கோப்பையின் வடிவமே ஆர்டரைச் சொல்லிவிடும். எல்லாவற்றையும் ஒரே மாதிரிக் கருப்புக் கோப்பைகளாக மாற்றிக் கொடுத்ததும் அனுபவசாலிகள் தடுமாறிப்போனார்கள். புதியவர்களுக்குக் கோப்பை எதுவாக இருந்தாலும் ஒன்றுதான். உங்கள் மாமாவின் தட்டுகளை அந்தப் பையன் தள்ளிவிட்ட கதைதான் இது.

காசு வாங்கியதும் மறந்துபோவதற்கும் பழைய பேச்சு ஒன்று உண்டு. பெர்லினில் குர்ட் லெவினிடம் படித்த புளூமா ஸெய்கார்னிக், பாதியில் நிறுத்தப்பட்ட வேலைகள் முடித்த வேலைகளைவிட நன்றாக நினைவில் நிற்பதாக 1927-ல் எழுதினார். பணம் வரும் வரை கணக்கைத் துல்லியமாக வைத்திருக்கும் உணவகப் பணியாளர்களைப் பார்த்துத்தான் அந்த யோசனை பிறந்தது என்பார்கள். பின்னால் மற்றவர்கள் செய்த சோதனைகளில் முடிவு ஒரே மாதிரி வரவில்லை, ஆகவே இதை விதி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். உங்கள் மாமாவிடம் மட்டும் நன்றாகவே வேலை செய்கிறது.

கொலுசுக்காரர், செவ்வாய்ப்பேட்டை

மருமகனுக்கும் மிஸ்ஸுக்கும் நன்றி. இன்று கடைக்குப் போய்க் கவனித்தேன். சாய்த்து வைத்த தட்டுவடையைப் பார்த்துச் சிரிப்பு வந்துவிட்டது. இரண்டு சந்தேகங்கள். ஒன்று, என் மளிகை மறதி. மனைவி பட்டறைக்கு வந்து சொல்லும்போது தெளிவாகத்தான் கேட்கிறேன், எடை போட்டு முடிப்பதற்குள் போய்விடுகிறது. இரண்டாவதுதான் முக்கியம்: மகள் ஒவ்வொரு பாடத்தையும் நாலு முறை படிக்கிறாள், மஞ்சள் மையால் கோடு போடாத பக்கமே இல்லை. இதற்கு மேல் என்ன செய்வது?

ஏற்காட்டு மிஸ்

முதலாவதில் மறதியே இல்லை, ஐயா. பீட்டர்சன் தம்பதியர் 1959-ல் இதை அப்படியே ஆய்வுக்கூடத்தில் செய்தார்கள். மூன்றே மூன்று எழுத்துகளைச் சொல்லிவிட்டு, ஓர் எண்ணிலிருந்து மூன்று மூன்றாகக் குறைத்துக்கொண்டே வரச் சொன்னார்கள். 18 விநாடி ஆவதற்குள் எழுத்துகள் பெரும்பாலும் காணாமல் போயின. நீங்கள் எண்ணுவது வெள்ளிக் கிராமை, அவ்வளவுதான் வித்தியாசம். மனைவியைச் சீட்டில் எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள்.

மகள் விஷயம். ரோடிகரும் கார்பிக்கியும் 2006-ல் வெளியிட்ட சோதனையைச் சொல்கிறேன். ஒரு பகுதியைச் சிலர் நாலு முறை படித்தார்கள். வேறு சிலர் ஒரே முறை படித்துவிட்டு, மூன்று முறை புத்தகம் இல்லாமல் நினைவிலிருந்து எழுதிப் பார்த்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது படித்தவர்களுக்கு 83 சதவீதம், எழுதிப் பார்த்தவர்களுக்கு 71. ஒரு வாரம் கழித்து, படித்தவர்களுக்கு 40, எழுதிப் பார்த்தவர்களுக்கு 61. ராத்திரி எல்லாம் தெரிந்ததுபோல இருந்து காலையில் காணாமல் போகும் உங்கள் வீட்டுக் கதை இதில் இருக்கிறது. திரும்பத் திரும்பப் படிக்கும்போது வரிகள் கண்ணுக்குப் பழகிவிடுகின்றன. அந்தப் பழக்கத்தைத் தெரிந்துவிட்டதாகப் பிள்ளைகள் எடுத்துக்கொள்கிறார்கள்.

ஆகவே மஞ்சள் மையை வாங்கி ஒளித்துவையுங்கள். சிறுநீரகப் பாடத்தை ஒரு முறை படித்து மூடிவிட்டு, வெள்ளைத் தாளில் நெஃப்ரானை வரைந்து பாகங்களைக் குறிக்கட்டும். விட்டுப்போனதை மட்டும் புத்தகத்தில் பார்க்கட்டும். இரண்டு நாள் கழித்து மறுபடியும் வெறும் தாள். ஆரம்பத்தில் எரிச்சல் வரும், தாளில் ஓட்டைகளாகத் தெரியும். அப்போது அவளைத் திட்டாமல் இருப்பதுதான் உங்கள் வேலை.

போன் பக்கத்தில் இருக்கிறதா? கேட்காமலே தெரியும். அடிவாரத்திலிருந்து எங்கள் ஊருக்கு ஏறும் பஸ்ஸில் ஓட்டுநருக்குப் பின்னால் உட்கார்ந்து பாருங்கள். நேர்ப்பாதையில் கண்டக்டரோடு வீட்டுக்கதை பேசிக்கொண்டே வருவார். 20 கொண்டை ஊசி வளைவுகளில் ஒன்று வந்ததும் பேச்சு பாதி வாக்கியத்தில் நிற்கும், பஸ் திரும்பிய பிறகுதான் மீதி வரும். தினமும் ஓட்டுகிறவருக்கே அப்படி. காலின் செர்ரி 1953-ல் ஒரு காதில் கேட்பதை உரக்கத் திருப்பிச் சொல்ல வைத்தார். மறு காதில் ஆங்கிலம் ஜெர்மனாக மாறியதைக்கூடக் கேட்டவர்கள் கவனிக்கவில்லை. படிக்கும் நேரத்தில் போன் உங்கள் பட்டறை மேசையில் இருக்கட்டும்.

இப்போது காப்பிப் பழம் பறிக்கும் நேரம், சனிக்கிழமைகளில்தான் பதில் எழுத முடியும். அதற்குள் அவள் எந்தப் பாடத்தில் அதிகம் சிக்குகிறாள் என்று கேட்டு எழுதுங்கள். வேதியியல் கணக்கு என்றால் நான் சொல்ல வேண்டியது வேறு.

கொலுசுக்காரர், செவ்வாய்ப்பேட்டை

வேதியியல் கணக்குதான், மிஸ். வகுப்புக்காரர்களுக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.