மறு: வழுவா, சிக்கா? வியாழனுக்குள் சொல் வேண்டும்

அனைவருக்கும் வணக்கம்.

சனிக்கிழமை சிங்கப்பூர் ஈசூன் சமூக மன்றத்தில் பேச்சு. பொருள், கணிதத்தில் 'resolution of singularities' என்பது: வளைகோடு தன்னையே வெட்டிக்கொள்வது போன்ற சீரற்ற புள்ளிகளை நீக்கி, வடிவத்தைச் சீராக்கும் வேலை. அதற்குத்தான் தமிழ்ச் சொல் தேடுகிறோம். கையேடு வியாழனன்று அச்சுக்குப் போகிறது. வரப்போகும் தொடக்கக் கல்லூரிப் பிள்ளைகள் கணிதத்தை ஆங்கிலத்திலேயே படித்தவர்கள். சொல் காதில் விழுந்ததும் படம் மனதில் எழ வேண்டும்.

நம் குழுவில் ஐயா இதற்கு 'வழுநீக்கம்' என்கிறார். திணை முதல் மரபு வரை ஏழு வழுவையும், வழுவமைதியையும் விளக்கிய அவர் மடலை இரண்டு முறை படித்தேன். ஆனால் வழு என்றால் பிழை. தன்னையே வெட்டிக்கொள்ளும் வளைகோட்டில் பிழை எங்கே இருக்கிறது? ஒரே புள்ளியில் இரண்டு கிளைகள் சிக்கிக் கிடக்கின்றன, அவ்வளவுதான்.

மகளுக்குத் தலை வாரும்போது சிக்கைப் பிடித்து இழுத்தால் முடி அறும். நுனியிலிருந்து விரலால் பிரித்துக்கொண்டே வந்தால் ஒவ்வொரு இழையும் தன் போக்கில் விலகும். கணிதத்திலும் அதே வேலைதான்: அந்தப் புள்ளியை எடுத்துவிட்டு, அதன் வழியே போகும் எல்லாத் திசைகளையும் அங்கே வைக்கிறோம். திசை வேறான கிளைகள் பிரிந்துவிடும். இந்த ஒரு படிக்கு (blow-up) 'திசைவிரிப்பு', முழு வேலைக்குச் 'சிக்கெடுப்பு' என்பது என் பரிந்துரை. அக்கா சொன்ன 'சிக்கறுப்பு' இலக்கியச் சுவையுள்ள சொல்தான். ஆனால் இங்கே எதையும் அறுப்பதில்லை. சிக்கில்லாத இடம் அப்படியே இருக்க வேண்டும்.

அப்புறம் பண்பெண் (characteristic). கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் நான்கும் நடக்கும் எண்தொகுதி களம் (field). அதில் 1ஐ எத்தனை முறை கூட்டினால் 0 வருகிறதோ அதுவே பண்பெண்; வராவிட்டால் பண்பெண் 0. 'Positive characteristic' என்பதில் வரும் positive-ஐத் தமிழ்நாட்டார் 'மிகை' என்கிறார்கள், யாழ்ப்பாணத்தார் 'நேர்' என்கிறார்கள். களத்தின் பண்பெண் 0 இல்லையென்றால் பகா எண்தான். ஆகவே 'பகாப் பண்பெண்' என்போமே. சிரமமே அங்கேதான். வர்க்கப் பூர்த்திக்கு (completing the square) 2ஆல் வகுக்க வேண்டும். பண்பெண் 2 என்றால் அந்த 2 என்பதே 0. இப்படிப்பட்ட உத்தியை நம்பித்தான் 1964இல் ஜப்பானியக் கணிதர் ஹிரோனாக்கா பண்பெண் 0இல் எல்லாப் பரிமாணங்களுக்கும் சிக்கெடுத்தார். பகாப் பண்பெண்ணில் அது கைகொடுக்காது. அங்கே, உஜ்ஜயினியில் பிறந்த கணிதர் அபியங்கர் 1956இல் பரப்புகளை (இரண்டு பரிமாணம்) முடித்தார்; 1966இல் முப்பரிமாணத்தை, பண்பெண் 5ஐ விடப் பெரிதானால் மட்டும். முப்பரிமாணத்தில் மிச்சத்தைக் கோசாரும் பில்தானும் 2008, 2009இல் முடித்தார்கள். நான்காம் பரிமாணத்திலிருந்து இன்றும் விடையில்லை. இதைப் பிள்ளைகளுக்குத் தமிழில் சொல்ல வேண்டும் என்பதுதான் என் ஆசை.

இதுவரை ஐந்து பேர் சிக்கெடுப்புக்குச் சரி என்றிருக்கிறார்கள். ஐயா இசையவில்லை, அவருடைய 'வழுநீக்கம்' பக்கத்தின் அடியில் வரும். பண்பெண்ணுக்கு இதைவிட நல்ல சொல் இருந்தால் புதன் இரவுக்குள் எழுதுங்கள்.