காய்ச்ச வேண்டியது ஸ்டட்டையா, பிளாக்கையா?

ராணிப்பேட்டை லேத்:
"இன்ஜினில் துருப்பிடித்த ஸ்டட்டைச் சிவக்கக் காய்ச்சினால் தானாக வந்துவிடும்" என்று நேற்று நம் பழைய கார் குழுவில் ஒருவர் எழுதியிருக்கிறார். படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. காய்ச்ச வேண்டியது ஸ்டட்டு என்கிற அந்தத் தலையில்லாத திருகாணியை அல்ல, அதைச் சுற்றியிருக்கும் பிளாக்கை, அதாவது இன்ஜினின் உடலை. ஓட்டை விரிந்தால்தான் உள்ளே இருப்பது தளரும். ஸ்டட்டைக் காய்ச்சினால் அது பருத்து இன்னும் இறுகும். சிவந்ததைத் திருகினால் அறுந்து கையோடு வரும்.

காட்பாடி அம்பாசிடர்:
அந்த ஒருவர் நான்தான். பெயரைச் சொல்லியே திட்டலாம் அண்ணே. என் 1489 சிசி இன்ஜினில் பிளாக், அதன் மேல் மூடியான ஹெட் இரண்டும் வார்ப்பிரும்பு. ஹெட்டோடு குழாய்களைப் பிடிக்கும் மேனிஃபோல்டு ஸ்டட்டு அத்தனையும் இப்படித்தான் கழற்றினேன். பருக்கும்போது துருவை நசுக்கும், ஆறும்போது சுருங்கும், அந்த இடுக்கில் எண்ணெய் இறங்கும். ஆறவிட்டுத்தான் திருக வேண்டும்.

ராணிப்பேட்டை லேத்:
"ஆறவிட்டு" என்பது நேற்றைய பதிவில் எங்கே? இல்லை. இன்று சேர்க்கிறீர்கள். சுற்றியிருப்பதைத்தான் காய்ச்ச வேண்டும்.

குடியாத்தம் பத்மினி:
என் வண்டியில் பிளாக் இரும்பு, ஹெட் அலுமினியம். ஹெட்டே ஸ்டட்டோடு ஒட்டிக்கொண்டு மேலே வரவில்லை. அலுமினியம் இரும்பைவிடக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு விரியும். அதனால் ஹெட்டைத்தான் சூடாக்கினேன். ஆனால் அலுமினியம் சிவந்து எச்சரிக்காது. 660 டிகிரிக்கு முன்பே ஹெட்டின் அலுமினியக் கலவை இளகிவிடும். பார்த்துச் செய்யுங்கள்.

காட்பாடி அம்பாசிடர்:
இங்கே பேச்சு அம்பாசிடரைப் பற்றி.

குடியாத்தம் பத்மினி:
பழைய கார் என்றுதானே பேச்சு? பத்மினி என்ன மாட்டு வண்டியா?

ஆற்காடு புதுசு:
சார், ஒரு உதவி. ஸ்டட்டு அறுந்து, மிச்சத்தைத் திருகி எடுக்க அதில் போட்ட ஈசி அவுட் கருவியும் உள்ளேயே உடைந்துவிட்டது. என்ன செய்வது?

ராணிப்பேட்டை லேத்:
ஈசி அவுட் போடச் சொன்னது யார்? கடினப்படுத்திய எஃகு தம்பி, சாதா டிரில் பிட் ஏறாது. அறுந்த முனையில் நட்டை வைத்து, ஓட்டைக்குள் வெல்டிங் நிரப்பித் திருகியிருந்தால் அன்றே வந்திருக்கும்.

காட்பாடி அம்பாசிடர்:
வெல்டிங் சூடு முதலில் எதில் இறங்குகிறது? ஸ்டட்டில்தானே! நான் சொன்னதையே நீங்களும் சொல்கிறீர்கள்.

ராணிப்பேட்டை லேத்:
வெல்டிங் வேறு, காய்ச்சுவது வேறு. வேலூர் ஜில்லாவில் எந்த மெக்கானிக்கையும் கேளுங்கள்.

காட்பாடி அம்பாசிடர்:
ராணிப்பேட்டை 2019லேயே தனி மாவட்டம் ஆகிவிட்டது அண்ணே.

ராணிப்பேட்டை லேத்:
1989ல் வடாற்காட்டைப் பிரிப்பதற்கும் முன்னால் பட்டறை போட்டவன் நான். எனக்கு ஜில்லா சொல்லித் தர வேண்டாம். போன ஆடியில் உங்கள் ஹெட்டின் அடியைச் சமமாகச் சீவி ஃபேஸிங் போட்டது யார், மறந்துவிட்டதா?

காட்பாடி அம்பாசிடர்:
காசு கொடுத்தேன். மூன்று தடவை அலையவிட்டீர்கள், அதுவும் மறக்கவில்லை.

ஆற்காடு புதுசு:
சார், ஈசி அவுட் இன்னும் உள்ளேதான் இருக்கிறது.

ராணிப்பேட்டை லேத்:
பிளாக்கைப் பட்டறைக்குக் கொண்டு வா தம்பி. வரும்வரை யார் சொன்னாலும் ஸ்டட்டில் தீயைக் காட்டாதே. காய்ச்ச வேண்டியது பிளாக்கை.

காட்பாடி அம்பாசிடர்:
ஸ்டட்டை.