இறக்கிய பிக்கப், 60 மைலில் உதறல்: பட்டைக்கு நடுவே இருந்த ஆப்பு

ஹூஸ்டனில் இருக்கிறேன். செகண்ட் ஹாண்டில் 2004 மாடல் செவர்லே சில்வராடோ ஒன்று வாங்கினேன். இரண்டு கதவு, சின்னத் தொட்டி, 4.8 லிட்டர் வி8. முந்தைய உரிமையாளர் ஏற்கெனவே வண்டியின் உயரத்தை இறக்கி வைத்திருந்தார். பின்னால் ஃபிளிப் கிட் போட்டிருந்தது. அதாவது பட்டைக்கு (லீஃப் ஸ்பிரிங்) கீழே இருக்க வேண்டிய ஹவுசிங்கை (பின் அச்சின் கூடு) பட்டைக்கு மேலே உட்கார வைத்திருக்கிறார்கள். ஹவுசிங் இடிக்காமலிருக்க சேஸியை அரைவட்டமாக வெட்டி பிளேட் கொடுத்திருந்தார்கள். வெல்டிங் எல்லாம் சுத்தமான வேலை, குறை சொல்ல முடியாது.

ஆனால் 55 மைல் தாண்டியதும் சீட்டுக்கு அடியில் ஒரு உறுமல். 60-ல் ரியர்வியூ கண்ணாடியில் பின்னால் வரும் கார் இரண்டாகத் தெரியும். ஸ்டீயரிங் மட்டும் அமைதியாக இருக்கும். அங்கேயே முன் டயர் மேல் இருந்த சந்தேகம் எனக்கு நீங்கிவிட்டது. ஓட்டத்திலேயே நியூட்ரலுக்குத் தள்ளிப் பார்த்தேன். எஞ்சின் சத்தம் இறங்கியது, உறுமல் இறங்கவில்லை. அப்போ எஞ்சினும் இல்லை, சக்கரத்தோடு சேர்ந்து சுற்றும் ஏதோ ஒன்று.

இந்த இடத்தில் எல்லோரும் சொல்வது "டயரை பேலன்ஸ் பண்ணு" என்பதுதான். அதற்குக் காசு கொடுக்கும் முன் ஒரு சின்னக் கணக்குப் போட்டுவிடுங்கள். என் டயர் 28 அங்குலம், மைலுக்குச் சுமார் 720 சுற்று. 60 மைல் வேகத்தில் நிமிடத்துக்கு 720, நொடிக்கு 12. பின் கியர் விகிதம் 3.73. ஆக கியர்பாக்ஸிலிருந்து பின் அச்சுக்குப் போகும் ஷாஃப்ட் நொடிக்கு 45 தடவை சுற்றுகிறது. போனில் அதிர்வு பார்க்கும் ஆப் ஒன்றைப் போட்டு சீட் தண்டவாளத்தில் ஒட்டி ஓட்டினேன். 12-ல் ஒன்றுமில்லை, 45-ல் லேசாக ஒரு மேடு, 90-ல் பெரிய கோபுரம். டயர் கோளாறு என்றால் 12. ஷாஃப்ட் பேலன்ஸ் கோளாறு என்றால் 45. அதன் இரட்டிப்பு என்றால் ஷாஃப்டின் முனைகளில் இருக்கும் மூட்டான கிராஸின் கோணம்தான்.

காரணம் இதுதான். ஷாஃப்ட் சாய்ந்து ஓடும்போது கிராஸ் ஜாயிண்ட் ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை வேகத்தைக் கூட்டிக் குறைக்கும். முன் கிராஸ் செய்வதைப் பின் கிராஸ் ஈடு கட்டிவிட்டால் நமக்கு ஒன்றும் தெரியாது. அதற்கு இரண்டு பக்கக் கோணமும் கிட்டத்தட்ட சமமாக இருக்க வேண்டும். ஒரு டிகிரிக்குள் வித்தியாசம் இருந்தால் பரவாயில்லை. இன்னொன்று, கோணம் இரட்டித்தால் தொல்லை நான்கு மடங்காகும். அதனால்தான் 3 டிகிரியில் சாதுவாக ஓடுகிற கிராஸ் 6 டிகிரியில் பேயாட்டம் ஆடுகிறது.

அளக்கும் விஷயத்தில் கறாராக இருங்கள். வண்டி தன் எடையோடு தன் டயரில் நிற்க வேண்டும். சேஸியைப் பிடித்துத் தூக்கும் இரண்டு தூண் லிஃப்டில் ஹவுசிங் தொங்கிவிடும், அந்த அளவு குப்பைக்குத்தான். நான் நான்கு தூண் லிஃப்டில் ஓட்டி ஏற்றி, டிஜிட்டல் மட்டத்தை வைத்துப் பார்த்தேன். கியர்பாக்ஸ் பின்னோக்கி 3.5 டிகிரி சரிவு. ஷாஃப்ட் அரை டிகிரி சரிவு, கிட்டத்தட்ட மட்டம். ஹவுசிங்கில் ஷாஃப்ட் வந்து சேரும் பினியனின் மூக்கு மேல்நோக்கி 6.5. ஆக முன் கிராஸில் 3 டிகிரி, பின் கிராஸில் 6. அதுதான் கோபுரம்.

மூக்கு ஏன் அவ்வளவு தூக்கியிருக்கிறது என்று டார்ச் அடித்துப் பார்த்தால், பட்டைக்கும் ஹவுசிங்குக்கும் நடுவே அலுமினிய ஆப்பு. 4 டிகிரி என்று பக்கவாட்டில் பொறித்திருக்கிறது. தடித்த பக்கம் முன்னால் இருந்தது. பட்டை மேலே, ஹவுசிங் கீழே இருக்கும் வண்டியில் அப்படி வைத்தால் மூக்கு கீழே இறங்கும், சரி. ஆனால் ஃபிளிப் செய்த வண்டியில் எல்லாம் தலைகீழ். தடித்த பக்கம் இப்போது ஹவுசிங்கின் முன்பக்கத்தை மேலே தூக்கும். போட்டவர் நினைத்ததற்கு நேர் எதிராக வேலை செய்திருக்கிறது.

ஆப்பைத் திருப்பிப் போடவில்லை, எடுத்தே விட்டேன். மூக்கு 2.5-க்கு வந்தது, பின் கிராஸ் 2 டிகிரி. நிற்கும்போது முன்பக்கத்தைவிட ஒரு டிகிரி குறைவு. அது வேண்டும் என்றே விட்டது. ஆக்சிலேட்டர் மிதிக்கும்போது பட்டை முறுக்கிக்கொண்டு மூக்கைத் தூக்கும், அப்போது சமமாகிவிடும். ஹவுசிங்கைப் பட்டையோடு இறுக்கும் யு போல்ட் நான்கும் புதுசு. ஒரு தடவை முறுக்கி நீண்டதைத் திரும்பப் போடாதீர்கள். கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு மறுபடி டார்க் (இறுக்க அளவு) பார்க்க வேண்டும்.

பெரிய உதறல் அன்றே போனது. மெல்லிய முனகல் ஒன்று மிச்சம் இருந்தது. பின் கிராஸைக் கழற்றினால் கட்டையில் ஊசி பேரிங்கின் தடம் வரிவரியாகப் பதிந்திருந்தது. கோணக் கோளாறோடு அத்தனை நாள் ஓடியதன் விளைவு. கிராஸ் மாற்றியதும் அதுவும் போச்சு.

*

அண்ணா, எனக்கு வந்தது வேறு மாதிரி. நான் ஃபிரெஸ்னோ பக்கம். நாலு கதவு வண்டி, ஷாஃப்ட் இரண்டு துண்டு, நடுவில் சென்டர் பேரிங். ஹைவேயில் வெண்ணெய் மாதிரி போகும். சிக்னலில் இருந்து கிளம்பும்போது மட்டும் 15-20 மைல் வரை தடதடவென்று உதறும், அப்புறம் ஒன்றுமே நடக்காதது போல அடங்கிவிடும். கோணம் அளந்தால் எல்லாம் ஒழுங்கு. கடைசியில் பார்த்தால் சென்டர் பேரிங்கைத் தாங்கும் ரப்பர் பாதி கிழிந்து தொங்குகிறது. கிளம்பும் வேகத்தில் ஷாஃப்ட் அதற்குள் துள்ளியிருக்கிறது.

மாற்றும்போது ஒரு எச்சரிக்கை. துண்டைப் பிரிக்கும் முன் இரண்டு பக்கமும் பெயிண்டால் கோடு போடுங்கள். துண்டுகள் கோத்துக்கொள்ளும் பல் மாறி ஏற்றினால் கிராஸ் இரண்டும் ஒரே வரிசையில் நிற்காது, கோணம் எவ்வளவு சரியாக இருந்தாலும் அதிரும். எங்கள் அப்பா நாமக்கல்லில் லாரி வைத்திருந்தவர். ஷாஃப்டில் அம்புக்குறியைப் பார்த்துச் சேர்க்காத ஆளை வண்டிப் பக்கமே விடமாட்டார்.

*

இறக்கிய வண்டியில் பள்ளத்தில் விழும்போது "டங்" என்று அடியிலிருந்து சத்தம் வந்தால், ஷாஃப்டின் முன்முனையில் கியர்பாக்ஸுக்குள் முன்பின் நகரும் ஸ்லிப் யோக்கையும் பாருங்கள். ஹவுசிங் மேலே ஏற ஏற ஷாஃப்ட் முன்னோக்கி கியர்பாக்ஸுக்குள் போகும். என்னுடையதில் முழுதாக உள்ளே போய் முட்டியே விட்டது. கியர்பாக்ஸின் வால் பக்க ஆயில் சீலும் சேர்ந்து போனது. ஷாஃப்ட் கடையில் கொடுத்துச் சற்றுக் குட்டையாக்கி, பேலன்ஸும் செய்து வாங்கினேன். முழுசாக அமுங்கிய நிலையிலும் ஒரு அங்குலமாவது இடைவெளி இருக்கட்டும்.

ஒரு சந்தேகம் அண்ணா. அடுத்து ராம் 1500 ஒன்றை இறக்கலாம் என்று இருக்கிறேன். அதற்கும் இந்த ஆப்புக் கணக்குதானா?

*

இல்லை தம்பி. ராம் 1500-ல் 2009 மாடலிலிருந்து பின்னால் பட்டையே கிடையாது, காயில் ஸ்பிரிங். ஹவுசிங்கை நீளவாக்கில் கண்ட்ரோல் ஆர்ம் எனும் கைகள்தான் பிடித்திருக்கும். மேல் கையை நீளம் மாற்றும் வகையில் வாங்கினால் மூக்கை வேண்டிய கோணத்துக்குத் திருகிக்கொள்ளலாம். பட்டை முறுக்கு அதில் இல்லாததால் அந்த ஒரு டிகிரி சலுகையும் அவ்வளவு தேவைப்படாது. ஆனால் அளப்பது மட்டும் அதே மாதிரிதான், டயரில் நிற்க வைத்து.