அடி வாங்கிய குதிரையைப் பழக்கியவர்கள், உங்கள் அனுபவத்தை எழுதுங்கள்

கோபிசெட்டிபாளையம் பக்கம், விவசாயம்:

நானே ஆரம்பிக்கிறேன். எங்கள் தோட்டத்தில் ஒரு வெள்ளைப் பெண்குதிரை இருக்கிறது. மார்வாரிக் கலப்பு, காது இரண்டும் நுனியில் உள்பக்கமாக வளைந்து ஒன்றையொன்று தொடப் பார்க்கும். கல்யாண ஊர்வலத்தில் மேளத்துக்கு ஆட விடுவார்களே, அந்த வேலையில் இருந்தது. அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழாச் சந்தையில் இரண்டு மூன்று கை மாறி, கடைசியில் கடிக்கும், உதைக்கும், சுழியும் சரியில்லை என்று பேர் எடுத்து, அடிமாட்டு விலைக்கு எங்களிடம் வந்தது. சுழி பார்ப்பதில் எனக்கு நம்பிக்கை கிடையாது. ஆனால் சுழி சரியில்லாத குதிரையை யாரும் அக்கறையாக வைத்துக்கொள்வதில்லை, கை மாறிக்கொண்டே இருக்கும், போகிற இடமெல்லாம் அடி, அதனாலேயே அது பொல்லாததாகிவிடும், அப்புறம் பார்த்தாயா சுழி பலித்துவிட்டது என்பார்கள்.

வந்த புதிதில் பக்கத்தில் போக முடியாது. கையைத் தூக்க வேண்டியதில்லை, வேட்டியை மடித்துக் கட்டுவதற்குக் குனிந்தாலே போதும், அந்தத் துணி படபடக்கிற சத்தத்துக்கு லாயத்தின் மூலைக்குப் போய்ப் பின்பக்கத்தைக் காட்டிக்கொண்டு நிற்கும். கண்ணில் வெள்ளை தெரியும், மூக்குத் துளை விரிந்து கிடக்கும், வால் இறுகி ஒட்டிக்கொண்டிருக்கும். இடது பக்கம் நின்றால் கொஞ்சமாவது பொறுக்கும், வலது பக்கம் ஆகவே ஆகாது. சவுக்கு எப்போதும் அந்தப் பக்கத்திலிருந்துதான் வந்திருக்க வேண்டும்.

எல்லோரும் பழக்கு, பழக்கு என்றார்கள். நான் முதலில் கால்நடை மருத்துவரைக் கூப்பிட்டேன், அதைத்தான் இங்கே அழுத்திச் சொல்ல வந்தேன். மயக்க ஊசி லேசாகப் போட்டு வாயைத் திறந்து காட்டினார். குதிரைக்கு முன்பல்லுக்கும் கடைவாய்ப் பல்லுக்கும் நடுவே பல்லே இல்லாத ஒரு இடைவெளி உண்டு, கடிவாளத்தின் இரும்பு உட்காருகிற இடம். அங்கே ஈறு தடித்து மேடும் பள்ளமுமாக இருந்தது, நாக்கின் குறுக்கே ஆறிப்போன ஒரு வெட்டு. முள் கடிவாளம் போட்டு ஆட வைத்திருக்கிறார்கள். 1965ஆம் வருடத்து மிருகவதைத் தடுப்பு விதிகளிலேயே வண்டி இழுக்கும், பாரம் சுமக்கும் விலங்குகளுக்கு அதைப் போடக் கூடாது என்று இருக்கிறது, யார் கேட்கிறார்கள். போதாக்குறைக்குக் கடைவாய்ப் பற்களின் வெளி ஓரம் கத்தி மாதிரி கூராகிக் கன்னத்தின் உள்பக்கத்தைக் கிழித்துக்கொண்டிருந்தது. குதிரைப் பல் தேயத் தேய ஈறிலிருந்து வெளியே வந்துகொண்டே இருக்கும், வருடத்துக்கு ஒரு தடவையாவது பார்த்து அரம் போட்டு ராவிவிட வேண்டும். முதுகில் சேணம் உட்காரும் மேட்டில் திட்டுத் திட்டாக முரட்டு வெள்ளை முடி. வெள்ளைக் குதிரையாக இருந்ததால் எங்களுக்குத் தெரியவில்லை, மருத்துவர் தடவிப் பார்த்துத்தான் சொன்னார், பொருந்தாத சேணம் அழுத்தி அழுத்தித் தோல் செத்த இடம் என்று.

இப்போது சொல்லுங்கள், வாயில் புண், முதுகில் புண், யார் கிட்டே வந்தாலும் அந்த இரண்டு இடத்திலும்தான் கை வைப்பார்கள் என்றால் கடிக்காமல் என்ன செய்யும்?

பல்லை ராவி, கடிவாளத்தை மூலையில் போட்டுவிட்டு வெறும் தலைக்கயிறு மட்டும் மாட்டி, சேணம் கிட்டவே கொண்டுபோகாமல் விட்டோம். கொள்ளையும் குறைத்துவிட்டு அருகம்புல்லும் காய்ந்த புல்லும் நாள் முழுக்க மேய விட்டோம். வேலை இல்லாத குதிரைக்குக் கொள்ளு கொட்டினால் அது துள்ளத்தான் செய்யும். (மாட்டோடு குதிரையும் வைத்திருக்கிறவர்கள் கவனிக்க: பச்சைச் சோளத்தட்டைத் தொடர்ந்து போடாதீர்கள், குதிரைக்கு மூத்திரப்பை கெட்டுப் பின்னங்கால் தள்ளாடும். தவிட்டை அள்ளி அள்ளி வைத்தால் எலும்பு போகும்.)

அப்புறம் நான் செய்த வேலை பெரும்பாலும் சும்மா இருப்பதுதான். லாயத்துக்கு வெளியே முக்காலி போட்டுப் பேப்பர் படித்துக்கொண்டு உட்காருவேன், அதன் கண்ணை நேராகப் பார்க்க மாட்டேன். அது ஒரு காதை என் பக்கம் திருப்பினால் எழுந்து நாலு அடி விலகிப் போய்விடுவேன். இது தலைகீழாகத் தெரியும். அது பயந்து ஒதுங்கும்போது நாம் கிட்டே போனால் ஒதுங்கிப் பயனில்லை என்று படிக்கும். நம்மைக் கவனித்து நிற்கும்போது நாம் விலகினால், நின்றால் தொல்லை போய்விடுகிறது என்று படிக்கும். நாளடைவில் அதுவே கழுத்தை நீட்டி என் சட்டைப் பையை மோந்து பார்க்க ஆரம்பித்தது. கை வைத்தது தோளில்தான். நெற்றியில் கை வைக்காதீர்கள். குதிரைக்கு ஏறக்குறைய சுற்றிலும் கண் தெரியும், தெரியாத இடம் நெற்றிக்கு நேர் முன்னாலும் வாலுக்கு நேர் பின்னாலும். நம் ஆட்கள் அன்பாகத் தடவுவது சரியாக அந்த முன்பக்கத்தில்.

சென்னை, குதிரையேற்றப் பள்ளியில் உதவியாளர்:

அண்ணா, எங்களிடம் வந்தது வேறு மாதிரி. பந்தயத்தில் ஓடி முடித்த குதிரை, அடித்த தழும்பு ஒன்றும் இல்லை, நல்ல தீனி தின்று வளர்ந்தது, ஆனால் லாயக் கதவின் மரத்தை முன்பல்லால் கவ்விக்கொண்டு கழுத்தை வளைத்து ஏப்பம் மாதிரி ஒரு சத்தத்தோடு காற்றை இழுத்துக்கொண்டே இருக்கும். இரண்டு வயதிலிருந்து நாளில் பெரும் பகுதி நாலு சுவருக்குள் நின்றால் வேறு என்ன வரும். இதைக் கொடுமை என்று சேர்க்கலாமா என்று கேட்பீர்கள், நான் சேர்ப்பேன். பழைய சைஸ் (குதிரையைப் பராமரிப்பவர்) ஒருவர் கழுத்தில் இறுக்கிப் பட்டை கட்டச் சொன்னார். கட்டினால் காற்று இழுப்பது நிற்கும், குதிரையின் தவிப்பு அப்படியேதான் இருக்கும்.

எங்கள் மருத்துவர் வயிற்றுப் புண் இருக்கும் என்றார், பார்த்ததில் இருந்தது. குதிரையின் இரைப்பையில் தீனி இருந்தாலும் இல்லாவிட்டாலும் அமிலம் சுரந்துகொண்டே இருக்குமாம், அதனால்தான் விட்டால் நாளெல்லாம் மேய்கிறது. இரண்டு வேளை தானியம் வைத்துவிட்டு மீதி நேரம் வெறும் வயிற்றோடு நிறுத்தினால் புண் வராமல் என்ன செய்யும். மருந்து கொடுத்தோம், எப்போதும் முன்னால் புல் இருக்கும்படி சின்னக் கண்ணி வலையில் கட்டித் தொங்கவிட்டோம், துணைக்கு ஒரு வெள்ளாடு விட்டோம். சிரிக்காதீர்கள், பந்தய லாயங்களில் வெகு காலமாக இருக்கும் வழக்கம் இது. ஆடு வந்த பிறகுதான் எங்கள் ஆள் படுத்துத் தூங்கினான்.

தூக்கத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். குதிரை நின்றுகொண்டே தூங்கும் என்று எல்லோருக்கும் தெரியும், ஆனால் ஆழ்ந்த தூக்கத்துக்குப் படுத்தே ஆக வேண்டும், அதுவும் தினம் கொஞ்ச நேரமாவது. பயத்தில் இருக்கிற குதிரை படுக்காது. நின்றபடியே கண் சொக்கி முன்னங்கால் மடங்கித் தடாலென்று விழப்போய் எழுந்துகொள்ளும். முன்னங்கால் கணு மூட்டின் முன்பக்கம் ஆறாத சிராய்ப்பு இருந்தால் சந்தேகப்படுங்கள், அது ராத்திரி தூங்கவில்லை. காலையில் வயிற்றிலும் பக்கவாட்டிலும் வைக்கோல் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். எனக்கு அதைவிட நல்ல அறிகுறி தெரியாது.

இன்னொன்று, பிடரி முடிந்து முதுகு தொடங்குகிற மேட்டில் விரல் நகத்தால் நன்றாகச் சொறிந்து கொடுங்கள். குதிரைகள் ஒன்றுக்கொன்று பல்லால் அங்கேதான் சொறிந்துவிடும். அந்த இடத்தைச் சொறிந்தால் இதயத் துடிப்பு இறங்குகிறது என்று பிரான்சில் கமார்க் குதிரைகளை வைத்துப் பார்த்து 1993இல் எழுதியிருக்கிறார்கள். தட்டிக் கொடுப்பது மனிதனுக்குப் பிடித்த விஷயம், அடி வாங்கிய குதிரைக்குத் தட்டலும் அடியும் ஒன்றுதான்.

கம்பம், ரேக்ளா குடும்பம்:

தம்பி, எல்லாம் நன்றாகத்தான் எழுதுகிறீர்கள். எங்கள் அப்பா காலத்திலிருந்து வண்டிக் குதிரை வைத்திருக்கிறோம். பேப்பர் படித்துக்கொண்டு உட்கார்ந்தால் குதிரை பழகாது. ஒரு தடவை அது உதைத்து நீங்கள் பின்வாங்கினால், உதைத்தால் ஆள் போய்விடுவான் என்று கற்றுக்கொள்ளும். நீங்களே சொன்ன கணக்குதானே இது? பிள்ளைகள் இருக்கிற வீட்டில் உதைக்கிற குதிரையை வைத்துக்கொண்டு அது பாவம், அடி வாங்கியது என்று சொல்லிக்கொண்டிருக்க முடியாது. கண்டிப்பு வேண்டும். அடியைச் சொல்லவில்லை, கண்டிப்பு. என் வண்டியில் சவுக்கு உண்டு, ஆனால் அதை எடுக்க வேண்டியதே இல்லாத அளவுக்கு என் முகத்தைப் பார்த்தே குதிரைக்குத் தெரியும். ஒரே ஆள், ஒரே நேரம், ஒரே சொல். ஆளுக்கு ஒரு சொல் சொல்லிக் குழப்புகிற வீட்டில்தான் குதிரை பைத்தியமாகும்.

கோபிசெட்டிபாளையம்:

ஐயா, நீங்கள் சொல்வதில் பாதியை அப்படியே ஒத்துக்கொள்கிறேன். உதைத்தால் விலகக் கூடாது, அதனால்தான் உதைக்கிற தூரத்துக்கே போகாமல் வெளியில் உட்கார்ந்தேன். அது உதைக்கத் தேவையில்லாத இடத்திலிருந்து வேலையைத் தொடங்க வேண்டும். முகத்தைப் பார்த்தே தெரியும் என்றீர்களே, அது நூற்றுக்கு நூறு உண்மை. பெர்லினில் ஹான்ஸ் என்று ஒரு குதிரை, கணக்குப் போட்டுக் குளம்பைத் தட்டி விடை சொல்கிறது என்று ஊரே வியந்தது. 1907இல் ப்ஃபுங்ஸ்ட் என்பவர் சோதித்தபோது, கேட்கிற ஆளுக்கே விடை தெரியாவிட்டால் ஹான்ஸுக்கும் தெரியவில்லை. சரியான எண் வரும்போது ஆள் தன்னை அறியாமல் தலையைத் துளி அசைப்பதைப் பார்த்துத் தட்டலை நிறுத்திக்கொண்டிருக்கிறது. அவ்வளவு நுணுக்கமாகப் பார்க்கிற உயிரிடம் நாம் மூச்சைப் பிடித்துக்கொண்டு போய் பயப்படாதே என்றால் நம்புமா? கண்டிப்போடு போகிறவர் கோபம் இல்லாமல் போக வேண்டும், எல்லோருக்கும் அது வராது. உங்களுக்கு வருகிறது.

ஊட்டி, லாடம் அடிப்பவர்:

நான் அதிகம் எழுதுகிற ஆள் இல்லை. சவாரி மட்டக் குதிரைகளுக்கு லாடம் அடிக்கிறேன். கால் கொடுக்காத குதிரை என்று கூப்பிடுவார்கள், போய்ப் பார்த்தால் முன்னால் வந்தவர்கள் கயிற்றால் சுருக்குப் போட்டுச் சாய்த்து லாடம் அடித்திருப்பார்கள். அப்படிப்பட்ட குதிரைக்கு முதல் தடவை லாடமே கிடையாது. தோளிலிருந்து கையை எடுக்காமல் கீழே தடவிக்கொண்டே போவேன், முழங்காலுக்குக் கீழே போனதும் அது எடையை அந்தப் பக்கம் சாய்த்தாலே போதும், விட்டுவிடுவேன். அப்புறம் குளம்பு மண்ணைவிட்டு ஒரு விரல் கிளம்பினால் விட்டுவிடுவேன். அது பிடுங்குவதற்கு முன்னால் நானே கீழே வைத்துவிட வேண்டும், சூட்சுமம் அவ்வளவுதான். காலைத் திருப்பிக் கொடுத்துவிடுவான் என்று தெரிந்துவிட்டால் கொடுக்கும். காலைப் பறிகொடுத்தால் ஓட முடியாது, ஓட முடியாத குதிரை செத்த குதிரை, அதன் புத்தியில் அப்படித்தான் இருக்கிறது. வயதான குதிரையாக இருந்தால் மூட்டு வலியும் இருக்கும், உயரத் தூக்காதீர்கள், தாழ்வாகவே பிடித்து வேலையை முடியுங்கள்.

எஜமானர்கள் நேரமாகிறது என்று கத்துவார்கள். நான் பீடி பிடிக்கப் போய்விடுவேன்.

ஈரோடு, படிக்கிறவர்:

கோபி அண்ணா, மேளச் சத்தம், பட்டாசு இதற்கெல்லாம் என்ன செய்தீர்கள்? எங்கள் ஊரில் மாரியம்மன் பண்டிகை என்றால் ஜமாப் மேளம் அடித்துக்கொண்டு தெருத்தெருவாக வருவார்கள்.

கோபிசெட்டிபாளையம்:

மேளம்தான் எங்களுடையதுக்குப் பெரிய பிரச்சினை, ஏனென்றால் அதற்கு மேளம் என்றால் வாயில் முள் என்று அர்த்தம். சத்தத்தை அதன் பக்கம் கொண்டுபோகக் கூடாது. சித்தப்பா பையன் ஒரு பறையைத் தோளில் மாட்டிக்கொண்டு எங்களைவிட்டு விலகி நடப்பான், விரல் நுனியால் மட்டும் தட்டிக்கொண்டு. நானும் குதிரையும் நல்ல தூரம் விட்டுப் பின்னால் நடப்போம். பயமுறுத்துகிற பொருள் தன்னைத் துரத்தாமல் தன்னைக் கண்டு ஓடுகிறது என்று குதிரைக்குத் தோன்றினால் அதன் நடையே மாறிவிடும், கழுத்து இறங்கி, உதட்டை நக்கி மெல்லும், நீளமாக மூச்சு விடும். அவன் நின்றால் நாங்களும் நிற்போம், அவன் கையால் அடிக்கிற சத்தம் கூடக்கூட நாங்கள் நெருங்குவோம். ஒருநாள் அவன் பறையைக் கீழே வைத்துவிட்டு டீ குடிக்கப் போனபோது அது போய்த் தோலை மோந்து, மேல் உதட்டால் புரட்டி, நன்றாக எச்சில் பண்ணி வைத்துவிட்டது. அவனுக்குக் கோபம், எனக்குச் சந்தோஷம். இடது பக்கம் பழகியதெல்லாம் வலது பக்கம் மறுபடி முதலிலிருந்து செய்ய வேண்டியிருந்தது, அதை மட்டும் எதிர்பார்த்துக்கொள்ளுங்கள்.

பட்டாசுக்கு முழுத் தீர்வு இல்லை. போனில் பதிவு செய்த வெடிச் சத்தத்தைப் புல் தின்னும்போது காதுக்கு எட்டியும் எட்டாமலும் வைத்து வாரக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினோம், தூரத்து வெடிக்கு இப்போது காதை மட்டும் ஆட்டிவிட்டுத் தின்கிறது. ஆனால் தீபாவளி ராத்திரி அதைச் சோதித்துப் பார்க்க மாட்டேன். முள்கம்பி இல்லாத உள் லாயத்தில், பக்கத்துத் தோட்டத்துக் கழுதையோடு சேர்த்து, நிறையப் புல் போட்டு விட்டுவிடுவோம். முள்கம்பி வேலியை முதலில் எடுங்கள், பயந்து பாய்ந்து கிழித்துக்கொண்டால் காயத்தைவிட டெட்டனஸ் மோசம், குதிரைக்கு அது சட்டென்று பிடிக்கும், தடுப்பூசி போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

காதைத் தொட இன்னும் விடாது. பிடித்து முறுக்கியிருப்பார்கள் போலிருக்கிறது. தலைக்கயிற்றைக் காதுக்கு மேலாக இழுத்து மாட்டாமல், பின்னால் கொக்கியைக் கழற்றிக் கழுத்தைச் சுற்றி மாட்டிக்கொள்கிறேன், இரண்டு பேருக்கும் சௌகரியம். சவாரி போவாயா என்று கேட்கிறார்கள். முதுகுக்கு மருத்துவர் சரி சொல்லட்டும், பார்க்கலாம். இப்போதைக்குச் சாயங்காலம் வாய்க்கால் மேட்டில் என்கூட நடந்து வருகிறது, கயிறு தொங்கலாகத்தான் இருக்கிறது.