மழைத்தண்ணிய பிடிச்சு வெச்சு சமையலுக்கு, குடிக்க யூஸ் பண்றவங்க அனுபவம் சொல்லுங்க

நான் சென்னைல மடிப்பாக்கம் பக்கம். போர் தண்ணி உப்பு, பக்கெட்டெல்லாம் வெள்ளையா படியும். 2003ல மழைநீர் சேகரிப்பு எல்லா வீட்டுக்கும் கட்டாயம்னு வந்தப்ப நாங்களும் ஒரு குழி தோண்டி பைப்ப இறக்கினோம், அது மண்ணுக்குள்ள போறதோட சரி. 2019ல பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரி எல்லாம் வறண்டு ஜோலார்பேட்டைல இருந்து ரயில்ல தண்ணி வந்துச்சே, அந்த கோடைல லாரிக்கு ஃபோன் பண்ணி பண்ணி வெறுத்துப்போய் தான் மழைத்தண்ணிக்குன்னே தனி சம்ப்பு (தரைக்கடியில தொட்டி) கட்டுனோம். ஒரு சதுர மீட்டர்ல 1 மி.மீ பெஞ்சா 1 லிட்டர், அவ்ளோதான் கணக்கு. 1000 சதுர அடி மாடின்னா ஏறக்குறைய 93 சதுர மீட்டர், ராத்திரி 5 செ.மீ அடிச்சா 4600 லிட்டருக்கு மேல, தெறிச்சது வழிஞ்சது போனாலும் 3500 நிச்சயம் தேறும். ஒரு லோடு லாரிய மிச்சம் பண்ற விஷயம் இது!

முக்கியமானது முதல் மழை. அத உள்ள விடவே கூடாது, புறா எச்சம் தூசி மொத்தமும் அதுல தான் வரும். மாடில இருந்து இறங்குற டவுன் பைப்புல டீ ஜாயின்ட் (T மாதிரி மூணு வாய் உள்ள இணைப்பு) போட்டு கீழ மூடி வெச்சுட்டோம், மூடிய தொறந்தா அழுக்குத்தண்ணி வெளிய போயிடும், அப்புறம் மூடினா வடிகட்டுற ட்ரம்முக்கு போகும். ட்ரம்முல அடில கூழாங்கல், மேல ஜல்லி, கரி, மணல், நடுநடுவுல நைலான் வலை. மணல வருஷா வருஷம் எடுத்து அலசணும், சோம்பேறித்தனம் பட்டா நாத்தம் தான்.

---

நாங்க காரைக்குடி பக்கம், இது எங்களுக்கு புதுசே இல்லங்க. வளவு (வீட்டு நடு முத்தம்) கூரைத்தண்ணி மூலைல இறங்கும், அடில அண்டா வெச்சு வாய்ல வெள்ள வேட்டிய கட்டிடுவாங்க. அப்பத்தா அந்த தண்ணில தான் பருப்பு வேக வெப்பாங்க, உப்புத்தண்ணில எவ்ளோ நேரம் கொதிச்சாலும் கல்லு மாதிரி கெடக்குற பருப்பு இதுல மசிஞ்சு போயிடும். ஊரணித்தண்ணி கலங்கலா இருந்தா தேத்தாங்கொட்டைய பானை உள்பக்கம் உரசி விட்டுட்டு காலைல பாத்தா தெளிஞ்சிருக்கும்.

---

மாசக்கணக்குல வெச்சா புழு வராதா? டெங்கு பயம் வேற.

---

வெளிச்சமும் கொசுவும் உள்ள போகாம இருந்தா வராதுங்க. வெளிச்சம் பட்டா பாசி பிடிக்கும், டெங்கு கொசு தெளிஞ்ச தண்ணில தான் முட்டை வைக்கும். சம்ப்பு மூடி இடுக்கு விடாம உக்காரணும், ஓவர்ஃப்ளோ பைப் வாய்க்கும் வலை கட்டணும், நிறைய பேர் அத மறந்துடுவாங்க. பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் கூரைத்தண்ணின்னா குடிக்க வேணாம், செடிக்கு ஊத்துங்க. நாங்க எந்த தண்ணியா இருந்தாலும் கொதிக்க வெச்சு தான் குடிக்கிறோம், கண்ணுக்கு தெளிவா இருந்தா கிருமி இல்லன்னு அர்த்தம் கிடையாது. துணி துவைக்க சொல்லவே வேணாம், பாதி சோப்பு போதும், கழுவி எடுக்கறதுக்குள்ள தான் நுரை போதும் போதும்னு ஆயிடும் 😄

---

எங்களது பன்னெண்டு வீடு அபார்ட்மென்ட். மாடி பைப் எல்லாம் நேரா ரோட்டுக்கு தான் போகுது. டீ ஜாயின்ட் ஐடியா நல்லா இருக்கு சார், ப்ளம்பர்ட்ட கேட்டு அசோசியேஷன் மீட்டிங்ல பேசலாம்னு இருக்கேன். ஆனா மாடில ஒருத்தர் ரெண்டு நாய் வளக்குறாரு, அவர்ட்ட யார் போய் பேசறதுன்னு தான் தெரியல.